விண்டேஜ்: ஒரு சொல்லுக்குள் இருக்கும் அறுவடை

நேயர்களே, வணக்கம். பழைய கைக்கடிகாரம், மங்கிப்போன புகைப்படம், எதைப் பார்த்தாலும் இப்போது 'விண்டேஜ்' என்று சொல்லிவிடுகிறோம், பழசு, ஆனால் மதிப்பானது என்கிற அர்த்தத்தில். சரி, அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், பழமை என்பதே அதில் கிடையாது. உள்ளே இருப்பது திராட்சைக் குலையை அறுக்கிற ஒரு கை.

லத்தீனில் வீனும் என்றால் ஒயின், தேமேரே என்றால் பறித்தெடுப்பது. இரண்டும் சேர்ந்து விண்தேமியா, அதாவது திராட்சை அறுவடை. பிரெஞ்சில் அதுவே வாந்தாஞ்ஜ் ஆனது, இன்றைக்கும் அங்கே திராட்சை அறுவடைக்கு அதுதான் பேர். 1793-இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் புது நாட்காட்டி போட்டபோது, செப்டம்பர் கடைசியில் பிறக்கும் முதல் மாதத்துக்கு வாந்தேமியேர் என்று இதே வேரிலிருந்துதான் பெயர் வைத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பெயர் அது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வந்தது 15-ஆம் நூற்றாண்டில், ஒயின் வியாபாரியைக் குறிக்கும் வின்ட்னர் என்ற சொல்லின் சாயலும் ஒட்டிக்கொண்டதில் இன்றைய உருவம் அமைந்தது. முதலில் அறுவடை, அப்புறம் 18-ஆம் நூற்றாண்டில் அறுவடை நடந்த வருடம். பாட்டிலில் 2015 என்று போட்டிருந்தால் அது பழம் பறித்த வருடம், பாட்டிலில் அடைத்த வருடம் இல்லை. ஏன் அந்த எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு? துளிர் விடும்போது உறைபனி விழுந்ததா, பறிக்கப் போகிற வாரத்தில் மழை பிடித்துக்கொண்டதா, எல்லாம் பழத்தின் இனிப்பிலும் புளிப்பிலும் தெரிந்துவிடும். ஷாம்பெயினில் பெரும்பாலும் வருடமே இருக்காது, பல வருட ஒயின்களைக் கலந்து செய்வார்கள், நல்ல விளைச்சல் வந்தால்தான் வருடம் போட்டுத் தனியாக விடுவார்கள்.

ரோமர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். கிமு 121-இல் ஒபிமியஸ் கான்சலாக, அதாவது ரோமின் உயர் ஆட்சியாளராக இருந்தபோது விளைந்த ஒயினுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கிட்டத்தட்ட 200 வருடம் கழித்தும் அது மிச்சம் இருந்தது, தேன் போல இறுகிப்போய் இருந்தது என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

'பழைய காலத்தது' என்ற பொருள் சேர்ந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஆனால் பழைய கார் பிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள், எல்லாப் பழைய காரையும் அவர்கள் விண்டேஜ் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: 1919-க்கும் 1930-க்கும் இடையில் செய்ததா என்றுதான் கேட்பார்கள்.