நாள் தந்திட்டினம், போறதோ விடுறதோ

வணக்கம். ரேடியோவில எனக்கு 12 நிமிசம் தந்திருக்கினம். கடியாரம் நேர முன்னாலதான் தொங்குது, ஆனா நான் கதைக்கத் தொடங்கினா கடியாரம் பாக்கிற ஆள் இல்லை எண்டு கிளினிக்குக்கு வந்து போன எல்லாருக்கும் தெரியும். 31 வருசம் குடும்பநல உத்தியோகத்தரா, ஊர் மருத்துவிச்சியா, வன்னிக்குள்ளதான் வேலை செய்தனான், துணுக்காய், மல்லாவிப் பக்கம் தொடங்கி ஒட்டுசுட்டான், நெடுங்கேணி எண்டு சுத்தி, பென்சன் எடுத்து இப்ப 4 வருசம். இண்டைக்கும் சந்தையில என்னைக் கண்டா வயித்துப்பிள்ளையோட நிக்கிற பிள்ளையள் மீன்காரரிட்ட மிச்சக்காசு வாங்க முதலே கேக்கிறது இதைத்தான். "மிஸ், எனக்குச் சீனி எண்டு சொல்லிட்டினம், இந்தத் திகதிக்கு வந்து அட்மிட் ஆகட்டாம், பிள்ளை பெறக் குத்து நோ வர மருந்து வைக்கப் போகினமாம். போகவோ விடவோ?"

இண்டைக்கு அதைப் பற்றித்தான் கதைக்கப் போறன். போ எண்டோ விடு எண்டோ நான் சொல்ல வரேல்லை, அதை உங்களைத் தொட்டுப் பாத்த டொக்டரும் நீங்களும் இருந்துதான் முடிவெடுக்க வேணும். அங்க போய் என்னத்தைக் கேக்கிறது, எந்தக் கடதாசியைக் கையில கொண்டு போறது, அதைச் சொல்லுறன்.

முதல்ல இந்தச் சீனி. கர்ப்பகாலத்தில மட்டும் வாற சீனி வருத்தம், நீரிழிவு. 24 கிழமைக்கும் 28 கிழமைக்கும் இடையில வெறும் வயித்தோட வரச்சொல்லி ஒரு போத்தல் இனிப்புத் தண்ணி தருவினம், 75 கிராம் குளுக்கோஸ், அதைக் குடிச்சிட்டு கன பேர் மரத்தடியில ஓங்காளிச்சுக்கொண்டு இருக்கிறதை நான் எத்தினை தரம் பாத்திருக்கிறன். ரத்தத்தில சீனி, டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில, வெறும் வயித்தில 92, ஒரு மணித்தியாலத்தில 180, ரெண்டு மணித்தியாலத்தில 153, இதில ஒண்டு அந்த அளவைத் தொட்டாலே சீனி எண்டு எழுதிப்போடுவினம். அதுக்குப் பிறகு வீட்டில நடக்கிற கூத்து வேற. "சீனி போடேல்லை மிஸ், பனங்கட்டி கடிச்சுத்தான் பிளேன்ரீ குடிக்கிறன்" எண்டு சொல்லுற பிள்ளையிட்ட நான் என்னத்தைச் சொல்ல? பனங்கட்டியும் சீனிதான் அம்மா. பாலைப்பழக் காலம் வந்தா அதைவிட மோசம், காட்டுக்குப் போன மனிசன் பேணி நிறையக் கொண்டு வந்து வைப்பார், ஒண்டு ரெண்டோட நிப்பாட்ட ஆராலை ஏலும், என்னாலயே ஏலாது.

சரி, ஏன் நாள் குறிச்சுத் தருகினம்? தாயின்ர ரத்தத்தில கூடின சீனி இளங்கொடிக்குள்ளால, நஞ்சுக்கொடிக்குள்ளால, பிள்ளைக்குப் போகும், ஆனா தாயின்ர இன்சுலின் போகாது. அப்ப பிள்ளை தன்ர கணையத்தில தானே இன்சுலினைச் சுரக்குது, சுரந்து சுரந்து கொழுக்குது. தோளிலயும் வயித்திலயும்தான் அந்தக் கொழுப்பு போய்ச் சேரும், அதால தலை வெளியில வந்த பிறகும் தோள் இறுகி நிண்டு போற பயம் ஒண்டு இருக்கு. தலை வந்தாச்சு, தோள் வரேல்லை எண்டால் அந்த ரெண்டு மூண்டு நிமிசம் எப்பிடி இருக்கும் எண்டு நான் இப்ப சொல்லேல்லை, கேட்டுக்கொண்டு இருக்கிற வயித்துப்பிள்ளைத்தாய்ச்சிமார் பயந்து போவினம். சீனி கட்டுப்படாமல் விட்டா கடைசிக் கிழமையளில வயித்துக்குள்ள பிள்ளைக்கு ஆபத்து வாறதும் கூட. அதாலதான் நாள் தாண்ட விடாமல் பாக்கினம்.

ஆனா எல்லாருக்கும் ஒரே நாள் இல்லை, இதைத்தான் பிள்ளையள் கவனிக்கிறேல்லை. சாப்பாட்டாலயே சீனி அடங்கின பிள்ளைக்கு ஒரு கணக்கு, குளிசையோ இன்சுலினோ போட்டு அடங்கினதுக்கு ஒரு கணக்கு, போட்டும் அடங்காததுக்கு இன்னொரு கணக்கு. பிரித்தானியாவில நைஸ் எண்ட அமைப்பின்ர வழிகாட்டியில கர்ப்பகாலச் சீனி இருக்கிற தாய்மார் 40 கிழமை 6 நாளைத் தாண்டக்கூடாது எண்டு இருக்கு. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர்மாற்றை கல்லூரி சாப்பாட்டோட அடங்கினால் 39 தொடங்கி 40 கிழமை 6 நாள் மட்டும் பொறுக்கலாம் எண்டுது, மருந்தோட அடங்கினால் 39 கிழமை தொடங்கி 39 கிழமை 6 நாளுக்குள்ள எண்டுது, அடங்காட்டி அதுக்கும் முந்தி. எங்கட ஆஸ்பத்திரியளில 38 எண்டும் சொல்லுவினம், அதில உங்கட டொக்டர் ஒரு காரணம் வச்சிருப்பார், அந்தக் காரணத்தைக் கேளுங்கோ. கேட்டா ஒருதரும் கடிக்க மாட்டினம். சிலர் கொஞ்சம் உறுக்குவினம்தான், அதுக்காகக் கேக்காமல் வரேலாது.

இப்ப பாருங்கோ, 38, 39, 40 எண்டு எல்லாமே கிழமையிலதான் நிக்குது. கடைசி மாதவிடாய்த் திகதியில இருந்து எண்ணுற அந்தக் கிழமையே பிழை எண்டால்?

இதுதான் என்ர பைத்தியம். என்னோட வேலை செய்த மிஸ்மார் சிரிப்பினம், "கிழமைக்கணக்கு மிஸ்" எண்டுதான் எனக்குப் பேர். சண்டையில ஏ9 பாதை பூட்டியிருந்த காலத்தில ஸ்கான் எண்டால் ஆருக்குக் கிடைச்சுது, நாங்கள் நல்லூர்த் தேர், தைப்பொங்கல், பின்ன நெல்லு வெட்டு எண்டு வச்சுத்தான் மாதவிடாய்த் திகதியைப் பிடிச்சனாங்கள். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகேல்லை.

ஒரு கதை சொல்லுறன். சண்டை முடிஞ்சு சனமெல்லாம் திரும்ப வந்து குடியேறி கொஞ்ச வருசத்துக்குப் பிறகு, முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் ஒரு வீடு. காலபோக அறுவடை நேரம், மாசி பிறக்கப் போகுது, புருசன் வெட்டு மெசினுக்குப் பின்னால ஓடித் திரியிறார். அந்த வீட்டு வயித்துப்பிள்ளைத்தாய்ச்சிக்குச் சீனி, குளிசையில நிக்குது. கிளினிக் கொப்பியில 38 கிழமை. அடுத்த திங்கள் வந்து அட்மிட் ஆகச் சொல்லிட்டினம். திங்கள் வந்துது, ஆள் போகேல்லை. எனக்குத் தகவல் வந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனா, விறாந்தையில மாமியார் குந்தி இருக்கிறா, உரல் மாதிரி. "மிஸ், நோ தானா வரவேணும். நான் 7 பெத்தனான், ஒண்டுக்கும் ஒருதரும் மருந்து வைக்கேல்லை" எண்டு தொடங்கினா பாருங்கோ, நிப்பாட்டவே இல்லை. மருமகள் கதவுக்குப் பின்னால நிண்டு அழுது. நானும் விடேல்லை, அம்மா சீனி, அம்மா பிள்ளை பெருத்துப் போகும் எண்டு என்ர பாட்டை நான் பாட, அவ தன்ர பாட்டைப் பாட, நாயும் சேந்து குலைக்குது. அந்தச் சத்தத்துக்குள்ள அவ ஒரு சொல்லு விட்டா. "உங்களுக்கு என்ன தெரியும், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு இவள் கோயிலுக்கு வரவே இல்லை, தூரமெண்டு வீட்டிலதான் கிடந்தவள், அதுக்குப் பிறகு உண்டானது அதுக்குள்ள பத்து மாசம் ஆகிட்டுதோ?"

எனக்குத் திக்கெண்டுது. கொப்பியைத் திறந்து பாத்தன், கடைசி மாதவிடாய் மே மாசம் நடுவில எண்டு இருக்கு. அந்த வருசம் வற்றாப்பளைப் பொங்கல் ஜூன் தொடங்க. மூண்டு கிழமை வித்தியாசம்! அப்ப பிள்ளை 38 இல்லை, 35. நான் மருமகளைக் கூப்பிட்டு மெல்லமாக் கேட்டன். கிளினிக்குக்கு நாலு மாசத்தில தான் வந்தது, அப்ப கேக்க வெக்கத்தில வாயில வந்த திகதியைச் சொல்லிட்டுதாம். பிறகு எடுத்த ஸ்கானும் கொப்பியோட ஒத்துத்தான் வந்திருக்கு, ஏனெண்டால் பிந்தி எடுக்கிற ஸ்கான் பிள்ளையின்ர பருமனைப் பாத்துத்தான் கிழமை சொல்லும், சீனிப்பிள்ளை பெருத்தால் கிழமையும் கூடத்தான் காட்டும். இதை நல்லா மனசில வச்சிருங்கோ, திரும்பவும் சொல்லுறன், பிந்தின ஸ்கானில கிழமை பிடிக்கேலாது. முந்தி எடுத்த ஸ்கான், முதல் மூண்டு மாசத்துக்குள்ள எடுத்தது, அதுதான் நம்பிக்கை.

"முந்தி எடுத்தனீயோ பிள்ளை?" எண்டன். நிலத்தைப் பாக்குது. கடைசியில சொல்லுது, வவுனியாவுக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில ரெண்டு பேரும் களவா எடுத்தவையாம், மூண்டு மாசம் முடியாமல் ஒருதருக்கும் சொல்லக்கூடாது எண்டு. கடதாசி எங்கை? காணி உறுதியோட பிஸ்கட் ரின்னுக்குள்ள! எடுத்து விரிச்சால் 10 கிழமை எண்டு அச்சடிச்ச மாதிரி இருக்கு, பொங்கல் கணக்கோட அப்பிடியே சரி. மாமியார் என்னை ஒரு பார்வை பாத்தா, அதை நான் இண்டைக்கும் மறக்கேல்லை.

அந்தக் கடதாசியோட அடுத்த நாளே டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனன். அவர் ரெண்டு தரம் பாத்திட்டுத் திகதியை மாத்தினார், கிழமைக்கு ரெண்டு தரம் வந்து இதயத்துடிப்பு பாக்கச் சொன்னார், சீனியை இறுக்கினார். உண்மையான 39 வந்த பிறகு அதே பிள்ளை தானாவே பையைக் கட்டிக்கொண்டு போய் மருந்து வச்சு, ரெண்டாம் நாள் பின்னேரம் பெத்தது. 3 கிலோ 300. மாமியார்தான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால போனது, ஏழு பெத்த ஆள்.

அதால நாள் தந்தவுடன முதல் கேள்வி: எந்த ஸ்கானை வச்சு இந்தக் கிழமை? ரெண்டாவது: என்ர சீனி எப்பிடி நிண்டுது? வெறும் வயித்தில 95க்குக் கீழ, சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தில 120க்குக் கீழ நிக்கிறதுதான் நல்ல கட்டுப்பாடு. கொப்பியில உள்ளதைக் காட்டுங்கோ, கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து எடுத்த நம்பரைக் காட்டாதேங்கோ, எனக்கு அந்தக் களவெல்லாம் தெரியும். மூண்டாவது பிள்ளையின்ர நிறை. ஸ்கானில 3 கிலோ 800 எண்டு சொன்னால் அது 3400ஆயும் இருக்கலாம், 4200ஆயும் இருக்கலாம், 100க்கு 10, 15 கூடக்குறைய வாறது சாதாரணம், அந்த ஒரு நம்பரைக் கேட்டு மட்டும் பயந்து கையெழுத்து வைக்காதேங்கோ, அதை அலட்சியமாயும் விடாதேங்கோ.

நாலாவது, கர்ப்பப்பை வாய் கனிஞ்சிட்டுதோ. உள்ளுக்குப் பாத்து நம்பர் போடுவினம், 1964இல பிஷப் எண்ட டொக்டர் கொண்டு வந்த கணக்கு, 8 வந்திட்டா நல்லாக் கனிஞ்சிட்டுது. காயா இருந்தால் முதல்ல பழுக்க வைக்க வேணும், அதுக்குத்தான் பலூன். பயப்பிடாதேங்கோ, சலம் போக வைக்கிற அதே ரியூப்தான், நுனியில பலூன், அதுக்குள்ள தண்ணி விட்டு வைப்பினம், வாய் கொஞ்சம் திறந்தவுடன அது தானா விழுந்திடும். ஜெல்லும் வைப்பினம். பிறகு பன்னீர்க்குடத்தை உடைச்சு, சேலைனில ஒக்சிற்றோசின் விடுவினம். அது உங்கட உடம்பிலயும் ஊறுற சாமான்தான், 1953இல செயற்கையாச் செய்து காட்டின டு விக்னோ எண்ட விஞ்ஞானிக்கு ரெண்டு வருசத்தில நோபல் பரிசு குடுத்தவை, "மருந்து நோ கள்ள நோ" எண்டு சொல்லுற மாமிமாருக்கு நான் இதைத்தான் சொல்லுறனான். முதல் பிள்ளைக்கு இதெல்லாம் ரெண்டு நாளும் ஆகலாம், வாட்டில பக்கத்துக் கட்டில் பிள்ளை பெத்திட்டுப் போனதைப் பாத்து அழக்கூடாது.

"மருந்து வச்சா கடைசியில சீசர் ஒப்பரேசன்தானே மிஸ்" எண்டு கேப்பினம். இத்தாலி, ஸ்லோவேனியா, இஸ்ரேல் மூண்டிலும் சேத்து 425 சீனித் தாய்மாரை வச்சு ஒரு ஆய்வு 2017இல வந்துது. பாதிப்பேருக்கு 38க்கும் 39க்கும் இடையில மருந்து வச்சினம், மற்றப் பாதியைப் பொறுக்க விட்டினம். சீசர் ரெண்டு பக்கமும் 100க்கு 12 அளவில, வித்தியாசமே இல்லை. ஆனா மருந்து வச்ச பக்கத்தில பிள்ளையளுக்கு மஞ்சள் காமாலை கூட, 100க்கு 10, மற்றப் பக்கம் 4. சின்ன ஆய்வுதான், நினைச்ச அளவு ஆள் சேரேல்லை, ஆனாலும் சீசர் பயத்தை அது கொஞ்சம் குறைக்குது, அவசரப்பட்டாலும் பிள்ளைக்கு ஒரு விலை இருக்கு எண்டதையும் காட்டுது.

இப்ப முக்கியமான ஒண்டு. பொறுக்கப் போறன் எண்டு முடிவெடுத்தால் வீட்டில ஒளிச்சிருக்கிறது பொறுக்கிறது இல்லை. போய்ச் சொல்ல வேணும், எப்பெப்ப வர வேணும், எத்தினையாம் கிழமையோட நிப்பாட்டிறது எண்டு கேட்டு எழுதி வாங்க வேணும். அட்டமி நவமி, நல்ல நட்சத்திரம் பாத்து நாளைத் தள்ளுறவையும் இருக்கினம், ஒரு நாள் ரெண்டு நாள் எண்டால் டொக்டரிட்டயே கேளுங்கோ, தாங்களா தள்ளாதேங்கோ. வயித்துக்குள்ள பிள்ளையின்ர துடிப்பு, அசைவு, குறைஞ்சால் விடியட்டும் எண்டு இருக்கக்கூடாது, ரோட்டில யானை நிக்கும் எண்டு பயந்து விடியும் மட்டும் இருந்தவையை எனக்குத் தெரியும். 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேக்காது.

ஐயோ, தம்பி கண்ணாடிக்கு அங்கால நிண்டு ரெண்டு விரலைக் காட்டுறார். பிறந்த பிறகு நடக்கிறதைத்தான் நான் விரிவாக் கதைக்க எண்டு வச்சிருந்தனான், சரி, ஓடி ஓடிச் சொல்லுறன். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள பால் குடுங்கோ, ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா குடுங்கோ, ஏனெண்டால் பிள்ளை கூடின இன்சுலினோட பிறக்குது, அதின்ர சீனி இறங்கிப் போகும், குதியில குத்திப் பாப்பினம், அழாதேங்கோ. தாய்க்குப் பிள்ளை பிறந்தவுடன சீனி இறங்கும், அது சுகம் எண்டு நினைச்சு கொப்பியை அலுமாரியில வைக்கிறவைதான் கூட. 6 கிழமைக்கும் 12 கிழமைக்கும் இடையில அந்த இனிப்புத் தண்ணியைத் திரும்பக் குடிச்சுப் பாக்க வேணும், இந்தச் சீனி வந்த தாய்மாருக்குப் பிற்காலத்தில நிரந்தரச் சீனி வாற பயம் மற்றவையைவிட ஏழு மடங்கு அளவில கூட. பிள்ளைக்கு ஊசி போட வாற நாளில சேத்துக் கேளுங்கோ, உங்கட மிஸ்ஸே ஒழுங்கு பண்ணித் தருவா. சாப்பாடு என்னெண்டு ஒரு பெரிய...

சரி சரி, நிப்பாட்டுறன். பிஸ்கட் ரின்னை ஒருக்கா திறந்து பாருங்கோ பிள்ளையள். வணக்கம்.