பிரிக்காத பார்சல்

வணக்கங்க. பதட்டத்துல செலவு பண்றதைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. இதை ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன்னு வீட்ல சொல்வாங்க, பாப்போம்.

என் கதையிலேருந்தே வரேன். சில வருஷம் முன்னாடி எனக்கு ஒரு ஸ்கேன் எடுத்தாங்க, ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும்னுட்டாங்க. ராத்திரி ரெண்டு மணி, தூக்கம் வரல, போனை எடுத்து டார்ச் லைட் பாக்க ஆரம்பிச்சேன். ஏன் டார்ச்னு கேக்காதீங்க, வீட்ல ஏற்கனவே ரெண்டு இருக்கு. பேட்டரி எவ்ளோ நேரம் நிக்கும், தண்ணில விழுந்தா என்னாகும்னு ஒரு மணி நேரம் ரிவ்யூவா படிச்சுத் தள்ளி, கடைசியில ஆர்டர் போட்டேன் பாருங்க, நெஞ்சுல இருந்த பாரம் அப்படியே எறங்கி, தூங்கிட்டேன். பார்சல் வந்துச்சு, பிரிக்கவே இல்ல. ஒரு மாசம் செருப்பு ஸ்டாண்ட் மேலயே கெடந்துச்சு. ரிசல்ட்ல ஒண்ணும் இல்ல, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா நீங்க அதையே யோசிச்சிட்டு இருப்பீங்க.

ஆனா அந்த டப்பாவை நான் இன்னும் விடல. டார்ச்தான் வேணும்னா பிரிச்சிருப்பேன்ல? ஆர்டர் பட்டனை அழுத்தினப்பவே ஆறுதல் கெடச்சு முடிஞ்சிடுச்சு. ரிசல்ட் என் கையில இல்ல, டார்ச் கறுப்பா மஞ்சளாங்கறது என் கையில இருக்கு, அவ்ளோதான். 2014ல ஸ்காட் ரிக்னு ஒருத்தரும் கூட ரெண்டு பேரும் ஆராய்ச்சி பண்ணி, சும்மா வேடிக்கை பாக்கறதை விட எதை வாங்கறதுன்னு தேர்ந்தெடுக்கறப்போ சோகம் குறையுதுன்னாங்க. கோபம் குறையலயாம்! அவங்க பாத்தது சோகத்தை, பதட்டத்தை இல்ல, ஆனா எதுவுமே நம்ம கையில இல்லங்கற தவிப்பு ரெண்டுலயும் உண்டு.

வம்பு எங்கன்னா, ஒரு தடவை பாரம் எறங்குச்சுன்னா மனசு வழியைக் கத்துக்கும். அடுத்த தடவை பதட்டம் வர்றதுக்குள்ள கை போனுக்குப் போயிடும், மாசக் கடைசியில பில் வரும், அந்த பில்லைப் பாத்து வர்ற பதட்டத்துக்கும் அதே போன்தான்.

ஐயோ, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து கையைக் காட்டறாங்க. என்ன செய்யலாம்னு ஒரு பக்கம் எழுதி வெச்சிருந்தேன். சுருக்கமா, தேர்ந்தெடுங்க, ஆப்ல இருக்கற ஷாப்பிங் கூடையில போட்டு வைங்க, பணம் மட்டும் காலையில கட்டுங்க. கார்டு நம்பரை போன்ல சேவ் பண்ணாதீங்க, எந்திரிச்சுப் போய் பர்ஸைத் தேடற மாதிரி இருக்கட்டும். வாங்கினதை ஒளிச்சு வெக்கற அளவுக்கு, கடன் வாங்கற அளவுக்குப் போனா மனநல டாக்டரைப் பாருங்க, வெக்கமே வேண்டாம், க்ரேப்லின்ங்கற ஜெர்மன் டாக்டர் 1915லயே இப்படி அடக்க முடியாம வாங்கறதைப் பத்தி எழுதி... சரி சரி, முடிச்சிட்டேங்க. வணக்கம்.