இறக்கையா, சக்கரமா?

வணக்கம் நேயர்களே. காட்டுத்தீ பற்றி ஏதாவது பேசுங்கள் என்று அழைத்தார்கள். அதில் எனக்கென்று ஒரு மூலை உண்டு. தீயணைக்க வருகிற பல துறைக்காரர்கள் ஒரே பொருளுக்கு ஒரே சொல்லைச் சொல்கிறார்களா என்பதுதான் அது. வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே ஆளாளுக்கு வேலை வந்துவிடும். வானொலியில் யார் எழுந்து போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் தொடங்குகிறேன்.

டேங்கர் என்று சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? தண்ணீர் லாரிதானே? அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்துத் தீயணைப்பு வீரர்கள் பலருக்கும் அதேதான். மேற்கே, காட்டுத்தீ அதிகமாக வரும் மாநிலங்களில், டேங்கர் என்றால் விமானம். வயிற்றில் சிவப்பு நிறத் தீத்தடுப்புக் கரைசலை நிரப்பிக்கொண்டு தாழப் பறந்து கொட்டிவிட்டுப் போகும் விமானம். தண்ணீர் லாரிக்கு அங்கே டெண்டர் என்று பெயர்.

நான் அந்த மேற்குப் பக்கத்தில், தீயணைப்பு வண்டிகளை அனுப்பிவைக்கும் ஒரு கட்டுப்பாட்டு அறையில் பல காலம் இருந்தேன். ஒரு கோடையில் உதவிக்கு வெளிமாநிலத்திலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒரு பிற்பகல் ரேடியோவில் ஒரு குரல்: "ரெண்டு டேங்கர் வேணும், சீக்கிரம்." குரலில் பதற்றம். ஒரு பள்ளத்தாக்கின் அடியில் அவருடைய வண்டி நிற்கிறது. அந்த மாதிரி வண்டியில் 500 கேலன் தண்ணீர் இருக்கும், நம் கணக்கில் சுமார் 1,900 லிட்டர். குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பக்கத்து மேசையில் இருந்தவர் விமானத் தளத்துக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார். அவர் செய்ததில் தப்பே இல்லை. அவர் படித்த அகராதிப்படி டேங்கர் பறக்கும்.

எங்கள் அறையிலேயே மூத்த அம்மா ஒருவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். அந்தக் குரலின் உச்சரிப்பைக் கேட்டவர் ஒலிவாங்கியை இழுத்து, "சார், இறக்கையா, சக்கரமா?" என்றார். ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் வந்தது பதில்: "சக்கரம்! சக்கரம்!" போன் கீழே வைக்கப்பட்டது, லாரி கிளம்பியது.

இதில் சிரிக்க இடம் உண்டு, ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். விமானம் போயிருந்தால் மணிக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவு என்பதோடு முடிந்திருக்காது. ஒரேயடியாகக் கொட்டும் கரைசலின் எடைக்கு மரங்களே முறியும். 2018இல் கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய விமானம் கரைசலைக் கொட்டியபோது முறிந்து விழுந்த மரத்தில் அடிபட்டுத் தரையில் இருந்த வீரர் ஒருவர் இறந்தே போனார். கீழே ஆள் நிற்கும் இடத்துக்கு விமானத்தைத் தவறுதலாகக் கூப்பிடுவது சின்ன விஷயம் இல்லை.

"இறக்கையா, சக்கரமா" என்பது அதற்குப் பிறகு எங்கள் அறையில் வழக்கமான கேள்வியாகிவிட்டது. எந்த அகராதியிலும் அது கிடையாது. ஆனால் ஒவ்வொரு அறையிலும், ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த அம்மா உட்கார்ந்திருக்க மாட்டாரே. அதனால்தான் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

எழுதிவைக்கும் வேலை எப்படித் தொடங்கியது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1970 இலையுதிர் காலத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் 13 நாட்கள் அடுத்தடுத்துத் தீ. 16 பேர் இறந்தார்கள், சுமார் 700 கட்டடங்கள் போயின, ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஆட்களும் வண்டிகளும் கூட்டமாக வந்தும் ஒருங்கிணைந்து வேலை செய்ய முடியவில்லை. ஒவ்வொரு துறைக்கும் தனி அலைவரிசை, தனிப் பதவிப் பெயர்கள், தனிச் சொற்கள். அதற்குப் பிறகு மத்திய வனத்துறை, மாநில வனத்துறை, லாஸ் ஏஞ்சலஸ் நகரம், மாவட்டத் தீயணைப்புத் துறைகள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து உருவாக்கிய திட்டத்துக்கு ஃபயர்ஸ்கோப் என்று பெயர். களத்தில் யார் தலைமை, யாருக்கு எந்த வேலை என்று வகுத்துவைக்கும் 'இன்சிடென்ட் கமாண்ட்' முறை, இன்று உலகம் முழுக்கப் பேரிடர்களில் பயன்படுவது, அதில் பிறந்ததுதான். 1976இல் தேசிய அளவில் காட்டுத்தீ ஒருங்கிணைப்புக் குழு வந்தது. சொல்லகராதியைப் பராமரிப்பது இன்றுவரை அவர்கள்தான்.

வண்டிகளுக்கு அவர்கள் கண்ட வழி எண். டைப் 1 முதல் டைப் 7 வரை. எண் சிறிதானால் வண்டி பெரிது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் அது. டைப் 6 என்றால் பிக்கப் மாதிரி வண்டி, குறைந்தது 150 கேலன் தண்ணீர். எந்த ஊர் வண்டியாக இருந்தாலும் அதற்குக் கீழே கிடையாது. கேட்டவருக்கும் அனுப்பியவருக்கும் ஒரே படம் மனதில் வருகிறது, அவ்வளவுதான் தேவை.

1991இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதித் தீயில் 25 பேர் இறந்தார்கள். உதவிக்கு வந்த வண்டிகளின் குழாய்கள் பலவும் அந்த நகரத்து நீர்க்குழாய் முனைகளில் பொருந்தவில்லை. மற்ற ஊர்களில் இரண்டரை அங்குலம், அங்கே மூன்று அங்குலம். குழாய் பொருந்தாதது கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் கோபம் வந்தது, பேரிடர் வேலைக்கு மாநிலம் முழுவதற்கும் பொது முறை ஒன்றைக் கட்டாயமாக்கிச் சட்டமும் வந்தது. சொல் பொருந்தாதது கண்ணுக்குத் தெரிவதில்லை. யாருக்கும் கோபமும் வருவதில்லை.

சரி, இப்போது என் தீராத புகாருக்கு வருகிறேன். செய்தியில் கேட்டிருப்பீர்கள்: "காட்டுத்தீ 40 சதவீதம் கட்டுக்குள் வந்தது." கேட்டவுடன் என்ன புரிகிறது? பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அணைத்துவிட்டார்கள் என்று. அப்படி இல்லை. அந்தச் சதவீதத்துக்கும் எவ்வளவு தீ அணைந்தது என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. இதை இன்னொரு முறையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எரியும் பகுதியின் வெளி ஓரத்தைச் சுற்றி நடந்தால் 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீ இனிமேல் தாண்டாது என்று நம்பும்படி ஒரு கோடு இருக்கிறது. புல்லும் சருகும் வேரும் இல்லாமல் வெறும் மண் தெரியச் செதுக்கிய கோடு. அல்லது ஆறு, சாலை, பாறை. 50க்கு 20, அதாவது 40 சதவீதம். உள்ளே நடுக்காட்டில் மரங்கள் நன்றாக எரிந்துகொண்டிருக்கலாம், அது கணக்கில் வராது. மறுநாள் காற்று அடித்து, கோடு இல்லாத பக்கமாகத் தீ பரவி, சுற்றளவு 80 கிலோமீட்டர் ஆகிறது. போட்ட கோடு அப்படியே இருக்கிறது, ஆனால் எண் 25க்கு இறங்கிவிடும். "நேற்று 40, இன்று 25, என்ன வேலை செய்கிறார்கள்?" என்று தொலைக்காட்சியில் ஒருவர் கேட்பார். கேட்பவர் மேல் தப்பு இல்லை.

நூறு சதவீதம் என்றாலும் அணைந்தது என்று அர்த்தம் இல்லை. சுற்றிலும் கோடு முடிந்தது, அவ்வளவே. கோட்டை ஒட்டிய கனல்களை ஆற்றி, தாண்டி விழுந்த பொறிகளையும் அடைத்து, எதிர்பார்க்கக்கூடிய காற்றிலும் கோடு தாங்கும் என்ற நிலைக்கு வந்தால்தான் 'கன்ட்ரோல்ட்' என்பார்கள். அதற்கும் அப்பால்தான் 'அவுட்'. கோட்டிலிருந்து எத்தனை அடி உள்ளே ஆறிய பிறகு அதைக் கணக்கில் சேர்ப்பது என்பதில் அதிகாரிக்கு அதிகாரி வித்தியாசம் உண்டு. ஒரே நிலைமைக்கு ஒருவர் 60 சொல்வார், கவனமானவர் 30 சொல்வார். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சதவீதத்தை நம்பி இருப்பதில்லை. கட்டுக்கு அடங்கவில்லை, பிடித்துவைத்திருக்கிறோம், கட்டுக்குள் இருக்கிறது, அணைந்தது என்று நான்கு நிலைகள். வீட்டுக்குத் திரும்பலாமா என்று காத்திருக்கும் ஒருவருக்கு எது உதவும்? என் ஓட்டு கனடாவுக்குத்தான். ஆக, மறுபடியும் சொல்கிறேன்: அந்தச் சதவீதம் ஓரத்தின் கணக்கு.

களத்தில் உயிரோடு நேராகச் சம்பந்தப்பட்ட இரண்டு சொற்களும் உண்டு. 'சேஃப்டி ஸோன்' என்றால் கையில் எந்தக் கவசமும் விரிக்காமலே உயிர் பிழைக்கக்கூடிய இடம். 'டிப்ளாய்மென்ட் ஸோன்' என்றால் வீரர்கள் முதுகில் சுமந்துபோகும், வெப்பத்தைத் தடுக்கும் சின்னக் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டால்தான் பிழைக்க வாய்ப்புள்ள இடம். ரேடியோவில் "நல்ல இடத்தில் இருக்கிறோம்" என்று சொன்னால் இதில் எது? 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவில் யார்னெல் மலைத் தீயில் ஒரே குழுவில் 19 பேர் இறந்தார்கள். ஏற்கெனவே எரிந்து முடிந்த பகுதியில்தான் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். குழுவோ அங்கிருந்து கிளம்பியிருந்தது. சொல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், காற்று திரும்பியதுதான் பெரிய காரணம். ஆனால் ரேடியோவில் இடத்தைச் சொல்லும்போது எவ்வளவு மங்கலாகச் சொல்ல முடியும் என்பதற்கு அந்த விசாரணை அறிக்கையைப் படிக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக நேரம் ஒதுக்கியிருந்தேன், போய்விட்டது. ஓட்டமாகச் சொல்கிறேன். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 பேர் இறந்த பிறகு எச்சரிக்கைச் சொற்களையே திருத்தினார்கள். 2022 செப்டம்பர் 1 முதல் அந்நாடு முழுக்கத் தீ அபாயத்துக்கு நான்கே நிலைகள். கலிஃபோர்னியாவிலும் "விரும்பினால் வெளியேறலாம்", "கட்டாயம் வெளியேற வேண்டும்" என்ற பழைய வகையை விட்டுவிட்டு எச்சரிக்கை, உத்தரவு என்று மாற்றியிருக்கிறார்கள். விரும்பினால் என்ற சொல்லைக் கேட்டால் யார்தான் கிளம்புவார்கள்? ஆஸ்திரேலியர்களின் நடு எச்சரிக்கைக்கு "கவனித்துச் செயல்படுங்கள்" என்று பெயர். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கவனிப்பதா, கிளம்புவதா என்று கேட்கிறவர் நின்றுவிடுவார். அதற்கு மேல் விவரிக்க இப்போது முடியாது. நன்றி, வணக்கம்.