34 பேருக்கு 25 சீட் வேன் போதுமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். மணப்பாறை பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு அக்கா கேள்வி அனுப்பியிருக்காங்க. மகளிர் குழுவுல வாரா வாரம் பணம் போட்டுச் சேர்த்து வச்சிருக்காங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல திருச்செந்தூர், கன்னியாகுமரி, அப்படியே பத்மநாபபுரம் அரண்மனையும் பார்த்துட்டு வரணும். பெரியவங்க 26 பேர், பிள்ளைங்க 8 பேர், மொத்தம் 34. வேன்காரர் ஒருத்தர், "25 சீட் வண்டியே போதும்மா, பிள்ளைங்களை மடியில வச்சுக்கலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு எடுத்தா விடியறதுக்குள்ள திருச்செந்தூர்ல இறக்கிவிட்டுருவேன்"னு சொல்லியிருக்கார். "இது சரியா வருமா அண்ணா?"ன்னு கேட்டிருக்காங்க.

வராதுக்கா. வண்டியும் சரியில்ல, கிளம்பற நேரமும் சரியில்ல. ஏன்னு சொல்றேன்.

முதல்ல சீட்டு. ஆர்.சி. புத்தகத்துல 25-ன்னு இருந்தா, அது வழக்கமா டிரைவரையும் சேர்த்துதான். அப்ப உங்களுக்கு 24. எட்டுப் பிள்ளைங்களும் மடியிலேயே வந்தாலும் இன்னும் ரெண்டு பேர் எங்க உட்காருவாங்க? இஞ்சின் பெட்டி மேல துண்டை மடிச்சுப் போட்டு உட்கார வைப்பாங்க, இல்லன்னா நடுவழியில ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். நான் பார்த்திருக்கேன். பிரேக் அடிச்சா அந்த ஸ்டூல்ல இருக்கறவங்களுக்குப் பிடிச்சுக்க ஒரு கம்பிகூட இருக்காது. ஒன்பது வயசுப் பிள்ளையை 350 கிலோமீட்டர் மடியில வச்சுட்டு வர்ற அம்மாவோட காலையும் நினைச்சுப் பாருங்க.

இதுல இன்சூரன்ஸ் விஷயம் ஒண்ணு இருக்கு, ரொம்பப் பேருக்குத் தெரியாது. 2007-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. 42 பயணிகளுக்கு இன்சூரன்ஸ் இருந்த பஸ்ல 90 பேரை ஏத்திட்டுப் போய் விபத்தாயிருச்சு. இன்சூரன்ஸ் கம்பெனி 42 பேருக்கான இழப்பீட்டைக் கட்டினா போதும், எல்லாருக்கும் முடிவான இழப்பீட்டுல பெரிய தொகையா இருக்கற 42-ஐ மட்டும் கூட்டி எடுத்துட்டு, அதைப் பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் விகிதப்படி பிரிச்சுக் கொடுக்கணும்னு கோர்ட் சொல்லிச்சு. மீதியை வண்டி ஓனர்கிட்டதான் கேட்டு வாங்கணும். புரியுதாக்கா? கூடுதலா ஏறின ஆளுக்கு மட்டும் நஷ்டம் இல்ல. ஒழுங்கா சீட்ல உட்கார்ந்து வந்தவங்க குடும்பத்துக்கும் சேர்த்துதான் குறையுது. அதனால கூட ஒருத்தரை ஏத்தறது மத்த எல்லாரையும் பாதிக்கற முடிவு. குழுக் கூட்டத்துல இதை வாய்விட்டுப் படிச்சுக் காட்டுங்க.

அப்ப என்ன வண்டி? 34 பேர், டிரைவர், கூட ஒரு கிளீனர். 36 சீட்டுக்குக் குறையாத டூரிஸ்ட் பஸ். ரெண்டு வேனாப் பிரிச்சும் போகலாம், ஆனா ரெண்டு டிரைவர் பேட்டா, ரெண்டு டோல்னு ஆகும், ஒரு வேன் டீக்கடையில நின்னா இன்னொன்னு எங்க போச்சுன்னு தேடணும். எனக்கு ஒரே பஸ்தான் பிடிக்கும். தெருவுக்குள்ள பஸ் வராது, கரண்டு கம்பி தாழ்வா இருக்குன்னா மெயின் ரோடு வரைக்கும் நடந்து வந்து ஏறிக்கலாம், தப்பில்ல.

ஊருக்கு வந்து போற மினி பஸ்ஸையோ, ஸ்கூல் வண்டியையோ கம்மி விலைக்குப் பேசித் தர்றேன்னு யாராவது வருவாங்க. மினி பஸ்ஸுக்கு இருக்கறது ரூட் பர்மிட். சுற்றுலாவுக்கு எடுக்கணும்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தனியா சிறப்பு பர்மிட் வாங்கணும். ஸ்கூல் வண்டி பர்மிட் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு. வெள்ளை போர்டு வண்டி வேண்டவே வேண்டாம், அது வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லாதது. மஞ்சள் பலகையில கறுப்பு எழுத்து இருக்கணும். நம்பரை வாங்கி எம்பரிவாகன் செயலியில போட்டா எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சான்று), இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும் இருக்குன்னு வந்துரும். உங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்டக் கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல பார்த்துச் சொல்லுவாங்க.

இப்ப ராத்திரி கிளம்பற விஷயம். இங்கதான் பணமும் உயிரும் ஒரே இடத்துல வந்து நிக்குது.

கிலோமீட்டர் கணக்குல பேசற வண்டிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்ச ஓட்டம்னு வைப்பாங்க, 250 இல்லன்னா 300 கிலோமீட்டர். நாள்ங்கறது பெரும்பாலும் ராத்திரி 12 மணியில இருந்து 12 மணி வரைக்கும். வெள்ளி ராத்திரி 10 மணிக்கு ஏறினா அந்த ரெண்டு மணி நேரமும் ஒரு முழு நாள். 300-ன்னு வச்சா வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளுக்கு 900 கிலோமீட்டர் காசு கொடுத்தே ஆகணும். உங்க பயணம் மொத்தமே 750 கிட்டத்தான் வரும். சனிக்கிழமை விடிகாலை 4 மணிக்கு எடுங்க. ரெண்டு நாள் கணக்கு, குறைந்தபட்சம் 600, ஓடின 750-க்குக் கொடுத்தா போதும். பேச்சுக்குக் கிலோமீட்டர் 30 ரூபாய்னு வச்சாலே 150 கிலோமீட்டருக்கு 4,500 ரூபாய் மிச்சம், ஒரு நாள் பேட்டாவும் மிச்சம்.

இன்னொண்ணு, மீட்டர் எங்க இருந்து ஓடுதுன்னு கேளுங்க. ஷெட்டுல இருந்து ஷெட்டு வரைக்கும்னு சொல்லுவாங்க. வண்டி திருச்சியில நின்னா, உங்க ஊருக்கு வரவும் திரும்பிப் போகவும் 80 கிலோமீட்டர் கிட்ட கூடும். மணப்பாறையிலேயே வண்டி கிடைச்சா அதைப் பிடிங்க.

பணத்தை விடுங்க. நாங்க ஒருதடவை எங்க ஊர்ல இருந்து இப்படித்தான் ராத்திரி கிளம்பினோம். நான் முன் சீட்டு. மூணு மணி இருக்கும். பின்னாடி எல்லாரும் தூங்கறாங்க. டிரைவர் தண்ணி பாட்டிலைத் திறந்து துண்டை நனைச்சு மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே வர்றார். ரெண்டாவது தடவை துடைக்கறப்ப நான் கவனிச்சேன். மூணாவது தடவை வண்டி வெள்ளைக் கோட்டுக்கு வெளிய இறங்கி ஜல்லி மேல சத்தம் வந்துச்சு. கத்திட்டேன். ஓரமா நிறுத்திட்டு ஸ்டியரிங்ல தலையை வச்சுக்கிட்டார். "நேத்து முகூர்த்தம் சார், கல்யாண டிரிப் முடிச்சுட்டு நேரா இங்க வந்தேன், ஓனர் அனுப்பிட்டார்"னு சொன்னார். அவர் மேல எனக்குக் கோபமே வரல. ரெண்டு மணி நேரம் அவரைத் தூங்க வச்சுட்டு, நாங்க ரோட்டோரப் புளியமரத்தடியில உட்கார்ந்திருந்தோம்.

அன்னையில இருந்து வண்டி பேசும்போது நான் கேக்கற முதல் கேள்வி வாடகை இல்ல. "முந்தின நாள் டிரைவர் எங்க போறார்?" இதுதான். தேதி குறிக்கறதுக்கு முன்னாடி காலண்டர்ல முந்தின நாள் முகூர்த்தமான்னும் பாருங்க. 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு அரை மணி ஓய்வுன்னு சொல்லிச்சு. அதனால சனிக்கிழமை அருப்புக்கோட்டை பக்கம் டிபனுக்கு நல்லா நிறுத்துங்க. 11 மணி போல திருச்செந்தூர். சாயங்காலம் கன்னியாகுமரி போய்த் தங்குங்க. அங்க ரூம் போடறப்ப டிரைவருக்கும் ஒரு கட்டில் சேர்த்துப் போடுங்கக்கா. பார்க்கிங்ல, இஞ்சின் சூடு ஆறாத வண்டியில கொசுக்கடியில படுத்துட்டு மறுநாள் அவர் எப்படி ஓட்டுவார்?

ஞாயிறு அரண்மனை. "அது கேரளாக்காரங்க அரண்மனை, கேரளா பர்மிட் போடணும்"னு சிலர் காசு கேப்பாங்க. அரண்மனையை நிர்வாகம் பண்றது கேரள அரசு, நிஜம்தான். ஆனா அது இருக்கற இடம் தக்கலை பக்கம், நம்ம கன்னியாகுமரி மாவட்டம். களியக்காவிளையைத் தாண்டினாத்தான் கேரளா. பர்மிட் காசு கொடுக்காதீங்க. திங்கட்கிழமை அரண்மனைக்கு லீவு, நீங்க போறது ஞாயிறு, பிரச்சினை இல்ல. மதியம் ரெண்டு மணிக்கு அங்க இருந்து கிளம்பிட்டா ராத்திரி 12-க்கு முன்னாடி வீடு, மூணாவது நாள் கணக்கும் வராது.

சமையல் பத்தியும் கேட்டிருக்காங்க, சிலிண்டர் எடுத்துட்டுப் போகலாமான்னு. கூடவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26, மதுரையில நிறுத்தி வச்சிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில, உள்ள கொண்டு வந்த சிலிண்டராலதான் தீப்பிடிச்சு 9 பேர் போய்ச் சேர்ந்தாங்க. அவங்களும் கோயில் கோயிலா போயிட்டு இருந்த கூட்டம்தான். முதல் நாளுக்குப் புளிச்சோறு, துவையல் கட்டிக்குங்க. மத்ததை ஓட்டல்ல பாத்துக்கலாம்.

கடைசியா முன்பணம். வாய்ப்பேச்சா கொடுக்காதீங்க. ஒரு வெள்ளைத்தாள்ல வண்டி நம்பர், சீட்டு எண்ணிக்கை, கிளம்பற தேதி நேரம், கிலோமீட்டர் ரேட், குறைந்தபட்ச ஓட்டம், பேட்டா, டோல் பார்க்கிங் யார் கணக்கு, வண்டி பாதியில நின்னா மாத்து வண்டி யார் பொறுப்பு, இதெல்லாம் எழுதி அவர்கிட்டக் கையெழுத்து வாங்குங்க. வண்டி நம்பர் ரொம்ப முக்கியம், ஏன்னா பேசினது ஒரு வண்டியா இருக்கும், விடிகாலையில வந்து நிக்கறது வேற வண்டியா இருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி மீட்டரை ஃபோட்டோ எடுத்து உங்க குழு வாட்ஸ்அப்ல போட்டுருங்க. பஸ் பேசி முடிச்சதும் நம்பரை எனக்கு அனுப்புங்கக்கா, எஃப்.சி. தேதியை நானும் ஒருதடவை பார்த்துச் சொல்றேன்.