சுத்தாத பழைய தையல் மிஷின் பெரும்பாலும் கெட்டுப்போனது இல்ல

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு டேபிள் மேல இருக்கிறது கால்ல மிதிக்கிற பழைய தையல் மிஷின். மோட்டார் கிடையாது, உள்ள பிளாஸ்டிக் கியரும் கிடையாது. வார்ப்பிரும்பு உடம்பு, எஃகு தண்டு, அங்கங்க எண்ணெய் விட ஓட்டை. வீல் சுத்தலேன்னா "கெட்டுப்போச்சு"ன்னு இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடுறாங்க. அதைக் கேக்கும்போது மனசு ஆறமாட்டேங்குது. ஏன்னா முக்கால்வாசி மிஷின்ல எதுவுமே உடைஞ்சிருக்காது. எண்ணெய் காஞ்சு பிசினா ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

முதல்ல வீலைப் பலமாத் திருப்பாதீங்க. ஷட்டில்ல, அதாவது அடியில ஊசி நூலைப் பிடிக்கிற பாகத்துல, பழைய நூல் சிக்கியிருந்தா அதுதான் முதல்ல அடிபடும். ஊசி, பாபின் (அடி நூல் சுத்துற சின்ன உருளை), பாபின் கேஸ் (அது உட்காருற உறை) மூணையும் கழட்டி வச்சிடுங்க. பக்கத்து மூடியைத் திறந்து, உலோகம் உலோகத்தோட உரசுற ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய். ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பு கூடாது. ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் வீலை முன்னயும் பின்னயும் லேசா ஆட்டுங்க. அப்பவும் அசையலேன்னா மண்ணெண்ணெயை நல்லாத் துடைச்சு, அது காஞ்சு வாசனை போனப்புறம் முடி காயவைக்கிற டிரையரால சூடு காட்டுங்க, பிசின் இளகும். அசைஞ்சதும் கண்டிப்பா தையல் மிஷின் எண்ணெய் விடணும். மண்ணெண்ணெய் இருக்கிற எண்ணெயையும் கழுவிட்டுப் போயிடும், அப்படியே ஓட்டினா தேய்மானம்தான். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மிஷின் இப்படி ஒட்டிப்போறதுக்கே பல நேரம் அதுதான் காரணம்.

இப்போ கேமராவைக் கிட்ட கொண்டுவரேன். இந்தத் தங்கப் பூ வேலைப்பாடு தெரியுதா? இது மேல பூசியிருக்கிறது ஷெல்லாக், அதாவது அரக்கு. ஸ்பிரிட், சானிடைசர் பட்டா அரக்கு கரையும், பூவும் கூடவே போயிடும். சோப்புத் தண்ணியும் ஆகாது. பஞ்சுல மிஷின் எண்ணெய் தொட்டு மெதுவா வட்டமா துடைங்க. கறுப்பு அழுக்கு வரட்டும். பஞ்சுல தங்கம் மின்னினா அந்த நிமிஷமே நிறுத்திடுங்க.

மிதி ஓடுது, ஊசி அசையலேன்னா வீல் நடுவுல இருக்கிற பெரிய திருகைப் பாருங்க. பாபின் சுத்தும்போது தளர்த்துற திருகு அது. அதுக்குப் பின்னாடி மூணு காது வச்ச வாஷர் இருக்கும். கழட்டி மாட்டும்போது அது மாறிப்போனா வீல் பிடிக்காது, இல்ல விடாது. அரைச்சுத்து திருப்பி மாட்டினா சரியாயிடும்.

தோல் பெல்ட் சுமார் 5 மில்லிமீட்டர் கனம். ரெண்டு வீலையும் சுத்திப் போட்டு, இழுத்துப் பிடிச்சு, சேர்ற இடத்துல இருந்து 1 சென்டிமீட்டர் குறைச்சு வெட்டுங்க. ரெண்டு முனையிலயும் ஓட்டை போட்டு கம்பிக் கொக்கியை மாட்டி இடுக்கியால நசுக்குங்க. ரொம்ப இறுக்கினா மிதி கனக்கும். தளர்வா விட்டா கனமான துணியில வழுக்கும்.

ஊசியில ஒரு விஷயம் கவனிக்கணும். பெரும்பாலான மிஷினுக்கு இன்னைக்கும் கிடைக்கிற 15×1ங்கிற வகை ஊசியே போதும். மிகப் பழைய சில மாடலுக்கு 12×1, அது கிடைக்கிறது கஷ்டம். அதனால வாங்குறதுக்கு முன்னாடியே எந்த ஊசின்னு கேட்டுக்கோங்க. ஊசியோட தட்டைப்பக்கம் ஷட்டிலோட கொக்கிமுனை இருக்கிற பக்கம் வரணும், நூல் எதிர்ப்பக்கம் இருக்கிற நீளப் பள்ளம் வழியா வரணும். மாறினா தையலே விழாது.

அடியில நூல் கொத்துக்கொத்தா சேருதுன்னா எல்லாரும் பாபினைத்தான் நோண்டுவாங்க. தப்பு அங்க இல்ல, மேல் நூல்ல. துணியை அழுத்துற ஃபுட்டைத் தூக்கி, மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவுல சேர்ந்திருக்கிற பஞ்சை எடுத்துட்டு மறுபடி நூல் கோத்துடுங்க. பாபின் கேஸுக்குத் தனி சோதனை இருக்கு. நூலைப் பிடிச்சுத் தொங்கவிடுங்க, நிக்கணும். கையை லேசா உதறினா கொஞ்சம் இறங்கி மறுபடி நிக்கணும். சரசரன்னு இறங்கினா கேஸ்ல இருக்கிற சின்னத் திருகை கால் சுத்து இறுக்குங்க, அதுக்கு மேல ஒரே தடவையில வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு தோணினா, நல்லாத் தைச்ச பழைய சட்டை ஒண்ணை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. மடிச்சு ரெட்டைத் தையல் போட்டிருப்பாங்க, வெட்டின ஓரம் வெளியவே தெரியாது, நூல் பிரியாது. பல உடுப்புல பின்னாடி பிரிச்சு விடவும் துணி விட்டிருப்பாங்க. அந்த நேர்த் தையலுக்குன்னே செஞ்சது இந்த மிஷின். தட்டுல ஊசி இறங்குற ஓட்டை சின்ன வட்டம், மெல்லிய துணியை உள்ள இழுக்காது. ஊசி பக்கவாட்டுல ஆடித் தைக்கிற ஜிக்ஜாக் மிஷின்ல அந்த ஓட்டை அகலமா இருக்கும், வாயில் (voile) மாதிரி மெல்லிய துணி அங்க மாட்டிக்கும்.

கடைசியா, மேல சிவப்பு நூல், பாபின்ல வெள்ளை. ரெண்டு மடிப்புப் பருத்தித் துணி. வீலைக் கையால உங்க பக்கம் திருப்பிவிட்டு, அப்புறம் மிதிங்க. இதோ பாருங்க, மேல சிவப்பு மட்டும், அடியில வெள்ளை மட்டும். முடிச்சு ரெண்டு துணிக்கும் நடுவுல ஒளிஞ்சுடுச்சு.