உகிர் என்றொரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். டர்பனில் குளிர்காலம் முடியுமுன்பே இலையில்லாமல் செக்கச்செவேலென்று பூத்து நிற்குமே முள்முருக்கு, அதன் மொட்டைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? கூர்மையாக, கொஞ்சம் வளைந்து இருக்கும். இதே இனத்து மரத்தை இந்தியாவில் பார்த்துத்தான் பாலை பாடிய பெருங்கடுங்கோ, அகநானூற்றின் 99ஆம் பாட்டில், 'வாள்வரி வயமான் கோளுகிர் அன்ன செம்முகை' என்கிறார். வரிப்புலியின் இரை பற்றும் நகம் போன்ற சிவந்த மொட்டு. இரத்தம் என்ற பேச்சே இல்லை. ஆனால் 'செம்முகை' என்றதும் அந்த நகத்தில் இரத்தம் தெரிகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத வரி இது.

அந்த உகிர்தான் நகத்துக்கு நம் பழைய பெயர். விரல் நகமும் உகிர், புலி நகமும் உகிர், பருந்தின் நகமும் உகிர். ஸூலு மொழியில் 'உஸிபோ' என்பதும் இப்படித்தான், மனிதருக்கும் மிருகத்துக்கும் ஒரே சொல். இரணியனைப் பிளந்த நரசிங்கத்தைப் பெரியாழ்வார் 'வாளுகிர்ச் சிங்க உரு' என்று பாடுகிறார். வாள் போன்ற உகிர்.

இன்று நாம் எல்லாவற்றுக்கும் நகம் என்கிறோம். அது வடமொழியிலிருந்து வந்தது. மலையைக் குறிக்கும் 'நகம்' வேறு சொல். வடமொழியில் இரண்டுக்கும் ககர ஒலி வேறு வேறு; தமிழில் ஒரே ககரம் என்பதால் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இங்கே ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்கள் நகத்தை 'நால்' என்பார்களே, அது வடமொழிச் சொல்லுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

சரி, உகிருக்குச் சொந்தக்காரர்கள் யார்? கன்னடத்தில் உகுரு, தெலுங்கில் கோரு. தெலுங்கில் முதல் உயிரெழுத்து இடம் மாறி உள்ளே போய்விடுவது உண்டு. நம் உரல் அங்கே ரோலு ஆனதும் அப்படித்தான்.

1860 முதல் சென்னையிலிருந்து, டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு வந்த கப்பல்களில் தமிழரும் தெலுங்கரும் சேர்ந்தே வந்தார்கள். நாம் பேச்சில் விட்டுவிட்ட சொல்லைத் தெலுங்கு வீடுகள் விடவில்லை. தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு நகத்தோடு உகிரையும் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. பக்கத்தில் தெலுங்கு பேசும் பாட்டி யாராவது இருந்தால், விரலை நீட்டி இதற்கு என்ன பெயர் என்று அவரிடமே பிள்ளைகள் கேட்கட்டும்.