எதிர் டீம் ரசிகருக்கு டிக்கெட் இல்லன்னு சொன்னா அவர் வராம இருப்பாரா?

திருச்சியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "சார், அமெரிக்காவுல ஒரு பேஸ்பால் டீம் உள்ளூர் அட்ரஸ் இருந்தாத்தான் டிக்கெட்னு சொன்னாங்களாமே? எதிர் டீம் ஆளுங்களை அப்படி வெளிய நிறுத்த முடியுமா, சட்டம் விடுமா?"

இதைப் படிச்சதுல இருந்து ரெண்டு நாளா இதே நினைப்புதான். நடந்தது உண்மைதான். 2012 பிப்ரவரி, வாஷிங்டன் நேஷனல்ஸ். மே மாசம் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் கூட மூணு மேட்ச். அதுக்கு முன்கூட்டி டிக்கெட் வாங்கணும்னா உங்க கிரெடிட் கார்டு அட்ரஸ் வாஷிங்டன், மேரிலாந்து, வர்ஜீனியா இந்த மூணுல ஒண்ணா இருக்கணும். "மைதானத்தை மீட்போம்"னு ஒரு கோஷம் வேற. பொது விற்பனை அதுக்கப்புறம்தான்.

சட்டத்தை ஒரு வரியில முடிச்சிடறேன். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து ஆளை உள்ள விடாம இருக்கக் கூடாதுன்னு அவங்க 1964 சட்டம் சொல்லுது. பின்கோடு அந்த லிஸ்ட்ல இல்ல. அவ்வளவுதான்.

ஆனா ஒரு டீமுக்கு இந்த ரோஷம் எங்கிருந்து வந்துச்சு? 2010 ஏப்ரல், வாஷிங்டன்ல ஃபில்லீஸ் கூட சீசனோட முதல் மேட்ச். ஒபாமாவே வந்து முதல் பந்து போடறாரு. ஸ்டேடியம் பூரா சிவப்பு. இதுல ஒரு கூத்து என்னன்னா ரெண்டு டீமுக்குமே சிவப்புதான் கலர். பார்க்க நேஷனல்ஸ் கூட்டம் மாதிரியே இருக்கும். ஃபில்லீஸ் ரன் எடுக்கறப்ப மொத்த ஸ்டேடியமும் எழுந்து கத்துது பாருங்க, அப்பத்தான் விஷயம் புரியும். 11-1ன்னு நேஷனல்ஸ் தோத்தாங்க, சொந்த வீட்டுல, அடுத்தவன் கைதட்டலுக்கு நடுவுல. அந்தக் கூட்டம் சுவரேறிக் குதிச்சு வரல. பஸ் பஸ்ஸா வந்தவங்களுக்கு மொத்தமா டிக்கெட் வித்ததே நேஷனல்ஸ்தான்!

நான் எப்பவும் சொல்றதுதான், பழைய ஆளுங்க சிரிப்பீங்க: டிக்கெட் வாசல்ல விக்கறதில்ல, கொல்லைப்புறத்துல விக்குது. பேஸ்பால்ல ஏன் 162 மேட்ச்னு ஒரு வீடியோவுல பேசினோமே, ஞாபகம் இருக்கா? அதுல பாதி, 81, சொந்த ஊர்ல. சீசன் டிக்கெட் வாங்கினவரு 81 ராத்திரி போய் உட்கார முடியுமா? பிள்ளைக்குப் பரீட்சை, மாமியார் வராங்க. இருபது முப்பது மேட்ச் போவாரு, மிச்சத்தை வித்துடுவாரு. எதை வித்தா காசு வரும்? சாதா செவ்வாய்க்கிழமை மேட்ச் யாருக்கு வேணும்? ஃபில்லீஸ் வராங்கன்னா கேட்ட விலை. வாங்கறது யாரு? ஃபிலடெல்ஃபியாக்காரன். கார்ல ரெண்டரை, மூணு மணி நேரம், அவ்வளவுதான் தூரம். ஆக முன்வாசலுக்குப் பூட்டுப் போடறது ஓனரு, கொல்லைக் கதவைத் திறந்து விடறது அவரோட சொந்த ரசிகன்.

என் மச்சான் கதையே இதான். செர்ரி ஹில்ல இருக்கான், நியூ ஜெர்சி. ஆத்தைத் தாண்டினா ஃபிலடெல்ஃபியா. அந்த மே மேட்ச் முன்விற்பனைக்கு அவன் கார்டு செல்லாது. கவலையே படல. வர்ஜீனியாவுல இருந்த பழைய ஆபீஸ் நண்பர் சீசன் டிக்கெட்காரர், ஞாயித்துக்கிழமை சீட்டு ரெண்டைக் கொடுத்துட்டாரு. நம்மாளு ஃபில்லீஸ் சட்டை மேல ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு உள்ள போய், உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் ஜிப்பைக் கீழ இறக்கினானாம். பக்கத்துல இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, பாப்கார்னை மட்டும் அந்தப் பக்கம் நகர்த்தி வச்சுக்கிட்டாராம்.

அன்னிக்குத்தான் ஃபில்லீஸ் பிட்ச்சர் (பந்து போடறவர்) கோல் ஹேமெல்ஸ் பந்தை வேணும்னே பிரைஸ் ஹார்ப்பர் முதுகுல போட்டாரு. ஹார்ப்பர் நேஷனல்ஸோட 19 வயசுப் பையன், டீமுக்கு வந்து பத்து நாள்கூட ஆகல. அடி வாங்கிட்டுப் போனவன் அதே இன்னிங்ஸ்ல ஹோம் பிளேட்டையே திருடி, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே கடைசி எல்லைக்கு ஓடி, ரன் எடுத்தான். மச்சான் அவனைத் திட்டின திட்டை இங்க சொல்ல முடியாது. மேட்ச் என்னவோ ஃபில்லீஸ்தான் ஜெயிச்சாங்க, ஆனா மூணுல முதல் ரெண்டு நேஷனல்ஸ்.

தம்பி, நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற. எதிராளி ஏன் வந்தான்னு இல்ல, உள்ளூர்க்காரன் ஏன் வரல? 1971ல வாஷிங்டன் டீம் டெக்சாஸுக்குப் போயிடுச்சு. 2005 வரைக்கும் ஊருக்கு டீமே இல்ல. அப்பாவுக்குக் கத்த ஒரு டீம் இருந்தாத்தானே பிள்ளை பழகுவான்? வந்த டீமும் 2008ல 102 தோல்வி, 2009ல 103. ஃபில்லீஸ் 1883ல இருந்து இருக்காங்க, 2008ல வேர்ல்ட் சீரிஸே, அதாவது சாம்பியன் பட்டமே, ஜெயிச்சவங்க. நம்ம மஞ்சள் சட்டைக்காரங்க வெளியூர் ஸ்டேடியத்தை நிரப்பறப்ப ரசிச்சுப் பார்க்கறோம்ல? அந்த ஊர்க்காரனுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சிருக்கோமா?

2012ல நேஷனல்ஸ் 98 மேட்ச் ஜெயிச்சு டிவிஷன்ல (அவங்க பிரிவுல) முதலா வந்தாங்க. அதுக்கப்புறம் சீட்டை விக்க உள்ளூர்க்காரனுக்கே மனசு வரல. எந்தப் பூட்டும் செய்யாத வேலை.

அந்த ஹார்ப்பர் என்ன ஆனாருன்னு கேக்கறீங்களா? 2019ல 13 வருஷம், 330 மில்லியன் டாலர்னு ஃபில்லீஸுக்கே போயிட்டாரு. அந்த ஏப்ரல்ல எதிராளியா வாஷிங்டனுக்கு வந்தப்ப ஊரே சேர்ந்து கத்தி விரட்டுச்சு. ரைட் ஃபீல்டு, அதாவது மைதானத்தோட வலது பக்கம், மட்டும் ஒரு கூட்டம் அவர் பேரைச் சொல்லிக் கொண்டாடுது. கடைசியில நம்ம சிக்ஸர் மாதிரி ஒரு ஹோம் ரன் அடிச்சாரு. மச்சான் அந்தக் கூட்டத்துலதான், 3ம் நம்பர் ஹார்ப்பர் சட்டையோட. டிக்கெட் யார் கொடுத்தான்னு கேட்டேன். அதே வர்ஜீனியா நண்பர்தானாம்.